இருட்டை அளக்க ஒரு நூலக அட்டை: அரிசோனாவின் மக்கள் அறிவியல் பெட்டிகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள பொது நூலகங்கள் சிலவற்றில் புத்தகத்தோடு ஒரு பெட்டியையும் இரவல் வாங்கலாம். உறுப்பினர் அட்டை இருந்தால் போதும், காசு கட்ட வேண்டாம். ஒரு பெட்டியில் இரவு வானம் எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று அளக்கும் கருவி இருக்கும். இன்னொன்றில் செத்த தேனீக்களைச் சேகரித்துக் கவனிப்பதற்கான சாமான்கள் இருக்கும். வீட்டுக்கு எடுத்துப் போய் அளக்க வேண்டும், அளவை இணையத்தில் ஏற்ற வேண்டும், குறித்த நாளுக்குள் பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். ஏற்றிய அளவு விஞ்ஞானிகள் பயன்படுத்தும் தரவுத்தொகுப்பில் போய்ச் சேரும்.

2010களின் பிற்பகுதியில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகமும் சைஸ்டார்ட்டர் என்ற அமைப்பும் உள்ளூர் நூலகங்களோடு சேர்ந்து இந்தத் திட்டத்தை உருவாக்கின. நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நிதி தரும் கூட்டரசு நிறுவனம் இதற்குப் பணம் கொடுத்தது. பிறகு மற்ற மாநிலங்களின் நூலகங்களும் இந்த முறையை எடுத்துக்கொண்டன. பொதுமக்களே அளந்தும் கவனித்தும் விஞ்ஞானிகளுக்குத் தரவு சேர்த்துத் தருவதை மக்கள் அறிவியல் என்கிறார்கள். நூலகத்தில் அந்தப் பேச்சு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் திட்டத்தைத்தான் என்பேன். நூலகத்தை வகுப்பறையாக மாற்ற இது முயலவில்லை. கொடுப்பது, திரும்ப வாங்குவது, அடுத்தவருக்குக் கொடுப்பது என்று நூலகம் காலங்காலமாகச் செய்துவரும் வேலையையே அறிவியலுக்கும் செய்யச் சொன்னது.

தடை எங்கே இருந்தது

மக்கள் அறிவியல் திட்டங்களுக்கு அமெரிக்காவில் பஞ்சமே கிடையாது. கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு 1900இல் தொடங்கியது. பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டுப் பதியும் ஈபேர்ட் இணையதளம் 2002இல் வந்தது. விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்களே வகைபிரிக்கும் கேலக்ஸி ஜூ 2007இல் வந்தது. டார்லீன் கவாலியர் தொடங்கிய சைஸ்டார்ட்டர், இப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட திட்டங்களை ஒரே இடத்தில் தேடிப் பார்க்கும்படி தொகுத்து வைத்தது.

அப்படியிருந்தும் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கனவே அறிவியல் ஆர்வம் உள்ளவர்கள், நன்றாகப் படித்தவர்கள், ஓய்வு நேரமும் வசதியும் உள்ளவர்கள். மற்றவர்களுக்கு ஆசை இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதில் தொடங்குவது என்று தெரியாது. தெரிந்தாலும் கருவிக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். ஒருமுறை அளந்து பார்க்க யார் அவ்வளவு செலவழிப்பார்கள்? அப்புறம், நடுவில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் கிடையாது.

இந்த மூன்றுக்கும் விடை ஏற்கனவே ஊர் ஊருக்கு இருந்தது. அமெரிக்காவில் சுமார் 9,000 பொது நூலக அமைப்புகளும், அவற்றின் கீழ் ஏறக்குறைய 17,000 நூலகக் கட்டடங்களும் உண்டு. மூன்று வயதுக் குழந்தை கதை கேட்க வரும் இடமும், வேலை தேடுபவர் விண்ணப்பம் அடிக்க வரும் இடமும், ஓய்வு பெற்றவர் காலையில் பேப்பர் படிக்க வரும் இடமும் ஒன்றேதான். எல்லா வயதினருக்குமான நிகழ்ச்சி என்று தனியாக ஒன்றைத் திட்டமிட வேண்டிய தேவை அங்கே பாதி குறைந்துவிடுகிறது, எல்லா வயதினரும் ஏற்கனவே உள்ளே இருக்கிறார்கள்.

இருட்டை அளக்கும் பெட்டி

பெட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இரவு வெளிச்சத்தை அளக்கும் பெட்டி. அரிசோனாவுக்கும் அதற்கும் பொருத்தம் அதிகம். இந்த மாநிலம் வானியலின் ஊர். ஃபிளாக்ஸ்டாஃப் நகரின் லோவல் வானாய்வகத்தில்தான் 1930இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டது. விளம்பரத்துக்காக வானத்தில் சுழலவிடும் சர்ச்லைட்டுகளுக்கு அந்த நகரம் 1958லேயே தடை போட்டது. 2001இல் உலகின் முதல் சர்வதேச இருள்வான நகரம் என்ற தகுதியும் அதற்குக் கிடைத்தது. ஒளி மாசுக்கு எதிரான சர்வதேச அமைப்பு 1988இல் தோன்றியது டூசான் நகரில். அதே மாநிலத்தில்தான் பீனிக்ஸ் என்ற மாநகரமும் பாலைவனத்தில் விளக்குகளைப் பரப்பிக்கொண்டே போகிறது.

பெட்டியின் முக்கியப் பொருள் கனடாவில் தயாராகும் ஸ்கை குவாலிட்டி மீட்டர். சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு பொத்தான், ஒரு சிறிய எண் திரை, உள்ளே 9 வோல்ட் பேட்டரி ஒன்று. சூரியன் மறைந்து ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும், நிலா இருக்கக் கூடாது. தெருவிளக்கும் மரக்கிளையும் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, கருவியைத் தலைக்கு மேல் நேராக வானத்தை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். நகரத்துக்குள் எண் உடனே வந்துவிடும். நல்ல இருட்டில் ஒளி குறைவு என்பதால் அது அளந்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகலாம். பிறகு சிவப்பு எழுத்தில் ஓர் எண் தெரியும். நடுநகரத்தில் 17, 18 என்று வரும். ஊரே இல்லாத பாலைவனத்தில் 22ஐ நெருங்கும். எண் கூடினால் இருட்டு கூடுகிறது என்று பொருள், அதுவும் ஒன்று கூடினால் வானத்தின் வெளிச்சம் சுமார் இரண்டரை மடங்கு குறைகிறது. 18க்கும் 21க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் மூன்றுதான், வானத்தில் அது கிட்டத்தட்ட பதினாறு மடங்கு.

கருவி இல்லாமலும் அளக்க வழி உண்டு. டூசானிலிருந்து இயங்கும் குளோப் அட் நைட் என்ற திட்டம் 2006இல் தொடங்கியது அந்த வழியில்தான். குளிர்காலத்தில் ஓரியன் கூட்டத்தைப் பார்க்கச் சொல்வார்கள். நம்மூரில் மிருகசீரிடம், திருவாதிரை என்று சொல்லும் நட்சத்திரங்கள் இருக்கும் கூட்டம் அது. நடுவில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்பதால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு திட்டம் தரும் படங்களில் தன் வானத்துக்கு எது ஒத்துப்போகிறது என்று பார்த்துப் பதிய வேண்டும். சில நட்சத்திரங்கள் மட்டும் தெரியும் படத்திலிருந்து வானம் நிறையத் தெரியும் படம் வரை வரிசையாக இருக்கும்.

எல்லா வயதினருக்கும் என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் ஓர் அறிவியல் சிக்கலும் இருக்கிறது. இருட்டில் இளம் வயதினரின் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயதானவர்களுக்கு அது 5 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும், கண்புரை இருந்தால் இன்னும் கஷ்டம். ஒரே மாடியில் நின்று பேத்தி எண்ணுவதும் தாத்தா எண்ணுவதும் ஒன்றாக இருக்காது. பெட்டியில் கருவியும் இருப்பது இதனால்தான் முக்கியம். இருவரும் கண்ணால் பார்த்துச் சொல்லட்டும், அதன் பிறகு கருவியின் எண்ணையும் பார்க்கட்டும். அளவீடு என்றால் என்ன, மனிதருக்கு மனிதர் ஏன் மாறுகிறது, அந்த மாற்றத்தை எப்படிச் சமாளிப்பது என்ற பாடம், யாரும் நடத்தாமலேயே, அந்த வீட்டில் நடந்துவிடும்.

அளந்ததற்குப் பலன் உண்டா

உண்டு. 2023 ஜனவரியில் சயன்ஸ் ஆய்விதழில் கிறிஸ்டோஃபர் கைபா குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2011 முதல் 2022 வரை குளோப் அட் நைட் திட்டத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் வந்த வெறுங்கண் பதிவுகளில் 51,351ஐ எடுத்து ஆராய்ந்த கட்டுரை அது. இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது என்பது முடிவு. வட அமெரிக்காவில் 10.4 சதவீதம். இந்த வேகத்தில் போனால், ஒரு குழந்தை பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரியும் இடத்தில், அந்தக் குழந்தைக்குப் 18 வயது ஆகும்போது 100தான் தெரியும்.

செயற்கைக்கோள்கள் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அவை காட்டிய உயர்வு இதைவிட மிகக் குறைவு, ஆண்டுக்கு 2 சதவீதம் அளவில்தான். காரணம் தெளிவானது. வெள்ளை எல்இடி விளக்குகளின் நீல நிற ஒளியை அந்தச் செயற்கைக்கோள் கருவிகள் சரியாகப் பிடிப்பதில்லை. ஜன்னல் வழியாகவும் விளம்பரப் பலகைகளிலிருந்தும் பக்கவாட்டில் பாயும் ஒளி மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்குத் தெரியாது, கீழே நிற்கும் மனிதனின் வானத்தை மட்டும் கெடுக்கும். ஆக, கோடிக்கணக்கில் செலவழித்த கருவிக்குத் தெரியாததை மாடியில் நின்ற சாதாரண மனிதர்கள் பார்த்துச் சொன்னார்கள்.

அந்த 51,351 பதிவுகளில் நூலகப் பெட்டிகள் வழியாக வந்தவை ஒரு சிறு துளியாகத்தான் இருக்க முடியும். கருவியின் எண்களை அந்தக் கட்டுரை பயன்படுத்தவும் இல்லை. ஆனாலும் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. பெட்டியை எடுத்துப் போகும் சிறுமியிடம் நூலகர், நீ அனுப்பும் பதிவு சும்மா பயிற்சிக்காக இல்லை, இதே போன்ற பதிவுகளை வைத்துத்தான் உலகம் இந்த உண்மையைத் தெரிந்துகொண்டது என்று மனசாட்சியோடு சொல்லலாம். பள்ளிச் சோதனைச்சாலையில் ஏற்கனவே விடை தெரிந்த சோதனையைத் திரும்பச் செய்யும் பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை.

செத்த தேனீக்கள்

இன்னொரு பெட்டியின் பின்னணி ஒரு கதைபோல இருக்கும். 2008இல் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பூச்சியியல் பேராசிரியர் ஜான் ஹாஃபர்னிக், தான் வளர்த்த கும்பிடுபூச்சிக்கு இரை கொடுக்க, கட்டட விளக்குக்கு அடியில் கிடந்த தேனீக்களைப் பொறுக்கி ஒரு குப்பியில் போட்டு மேசையில் வைத்து மறந்துவிட்டார். சில நாள் கழித்துப் பார்த்தால் குப்பிக்குள் பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்கள். அபோசெஃபாலஸ் போரியாலிஸ் என்ற சிறு ஈ தேனீயின் உடலில் முட்டையிடுகிறது. புழு உள்ளிருந்தே தின்று வளர்கிறது. பாதிக்கப்பட்ட தேனீ இரவில் கூட்டை விட்டு வெளியேறி, விளக்கைச் சுற்றித் தடுமாறி விழுந்து சாகிறது. ஒரு வாரம்போல ஆனதும் தலைக்கும் மார்புக்கும் நடுவிலிருந்து புழுக்கள் வெளியே வருகின்றன. ஆய்வுக்கட்டுரை 2012இல் வந்தது. ஜாம்பீ வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது.

இதில் செய்ய வேண்டியதெல்லாம் காலையில் வாசல் விளக்குக்கு அடியில் பார்ப்பது, செத்த தேனீ இருந்தால் ஒரு டப்பாவில் போட்டு மூடி வைப்பது, தினமும் கவனிப்பது, படம் எடுத்து அனுப்புவது. எட்டு வயதுப் பையனுக்கு இதைவிட உற்சாகமான வேலை கிடைக்காது. ஆனால் சொல்லிக்கொடுப்பவர் அழுத்தமாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. புழு வராவிட்டால் அதுவும் தகவல்தான். பெரும்பாலான டப்பாக்களில் ஒன்றும் வராது. இங்கே இந்த ஈ இல்லை என்ற பதிவுகள் சேர்ந்தால்தான் எங்கே இருக்கிறது என்ற வரைபடம் நம்பத் தகுந்ததாகும். இதைச் சொல்லாமல் பெட்டியைக் கொடுத்தால், பிள்ளை ஏமாந்துபோய்ப் பதிவே அனுப்பாமல் பெட்டியைத் திருப்பிவிடும்.

எது பெட்டிக்குள் அடங்கும்

எல்லாத் திட்டமும் இரவலுக்கு ஒத்துவராது. மழை அளக்கும் கோகோராஸ் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1997 ஜூலை 28 அன்று கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் பெருவெள்ளம் வந்து 5 பேர் இறந்தார்கள். அங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் லட்சக்கணக்கான புத்தகங்கள் தண்ணீரில் மூழ்கின. நகரின் மேற்குப் பக்கம் 14 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியபோது கிழக்குப் பக்கம் பெய்தது 2 அங்குலம்போலத்தான். தெருவுக்குத் தெரு மழைமானி இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்ற எண்ணத்தில் 1998இல் இந்தத் திட்டம் பிறந்தது.

அருமையான திட்டம். ஆனால் மழைமானியை மூன்று வாரத்துக்கு இரவல் கொடுத்துப் பயனில்லை. ஒரே இடத்தில், தினமும் ஒரே நேரத்தில், வருடக்கணக்கில் படிக்க வேண்டிய கருவி அது. அதை நூலக வளாகத்தில் நட்டு வைத்து, ஊழியரோ காலையில் வரும் பெரியவரோ தினமும் எழுதினால் வேலை செய்யும். மரங்கள் எப்போது துளிர்க்கின்றன, எப்போது பூக்கின்றன என்று பதியும் நேச்சர்ஸ் நோட்புக் திட்டமும் அப்படித்தான், நூலகத்து வாசலில் இருக்கும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கும்படி செய்யலாம். இரவில் வெளியே போக முடியாதவர்களுக்கு நூலகக் கணினியிலேயே செய்யும் வேலைகள் உண்டு. அல்சைமர் ஆராய்ச்சிக்கு உதவும் ஸ்டால் கேட்சர்ஸ் விளையாட்டில், எலியின் மூளையில் எடுத்த சிறு வீடியோவைப் பார்த்து அந்த ரத்த நாளத்தில் ரத்தம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல வேண்டும். பலர் சொல்வதைச் சேர்த்து முடிவெடுப்பதால் ஒருவர் தவறினாலும் கெடுதல் இல்லை. எழுபது வயதுக்காரர் உட்கார்ந்த இடத்தில் செய்யலாம்.

ஒருமுறை அளந்தாலே பயன்படும் அளவு, யார் அளந்தாலும் கெட்டுப்போகாத கருவி, உடைந்தால் தாங்கக்கூடிய விலை. இந்த மூன்றும் கூடிவந்த திட்டம்தான் பெட்டிக்குள் போக வேண்டும். அரிசோனாக்காரர்கள் இருட்டு அளக்கும் கருவியைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்று நான் சொல்வது இதனால்தான்.

நடைமுறைச் சிக்கல்கள்

நூலகத்தின் ஆண்டறிக்கையில் வருவது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பொருள் இரவல் போனது என்ற கணக்கு. விஞ்ஞானிக்கு வேண்டியது எத்தனை அளவீடு வந்தது என்பது. பெட்டி மாதம் தவறாமல் வெளியே போய் வந்துகொண்டிருக்கும், தரவுத்தொகுப்பில் மிகக் குறைவாகவே வந்திருக்கும். நூலகத்தின் கணக்கில் அது வெற்றி. இந்த இடைவெளியைக் குறைப்பது கருவியால் ஆகாது, கவுண்டரில் இருப்பவரின் இரண்டு நிமிடப் பேச்சால்தான் ஆகும். பெட்டியைக் கொடுக்கும்போது, எங்கே போய் அளக்கப் போகிறீர்கள் என்று கேட்பதும், திரும்ப வாங்கும்போது, எண் என்ன வந்தது என்று கேட்பதும் போதும். வாங்கும் இடத்திலேயே நூலகக் கணினியில் உட்காரவைத்துப் பதியவைத்தால் இன்னும் நல்லது, வீட்டில் இணையம் இல்லாத குடும்பங்களுக்கு அது ஒன்றே வழி.

கணக்குத் தொடங்குவதும் ஒரு தலைவலி. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனிப் பதிவு, தனித்தனிக் கடவுச்சொல். 13 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளிடம் பெற்றோர் அனுமதியின்றி இணையத்தில் தகவல் வாங்க அமெரிக்கச் சட்டம் இடம் தராது. ஆகவே குழந்தையோடு பெரியவர் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். இதைத் தொந்தரவாகப் பார்க்காமல், குடும்பமாகச் செய்யும் வேலையாகத் திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

இதற்கெல்லாம் நூலகர் விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் பெட்டியோடு வந்த வழிகாட்டுதல் திரும்பத் திரும்பச் சொன்னது. இந்த அனுபவங்களைத் தொகுத்து 2019இல் நூலகங்களுக்கு இலவச வழிகாட்டி ஒன்றும் வந்தது. ஆண்டுக்கு ஒரு நாளாகக் கொண்டாடப்பட்ட மக்கள் அறிவியல் தினம் 2020இல் ஏப்ரல் மாதம் முழுவதுமாக விரிந்தது. அந்த ஏப்ரலில் கொரோனாவால் நூலகங்கள் மூடிக் கிடந்ததால் நிகழ்ச்சிகள் இணையத்துக்குப் போயின. லாஸ் ஏஞ்சல்ஸ் பொது நூலகம் 73 கட்டடங்கள் கொண்ட பெரிய அமைப்பு. நெய்பர்ஹுட் சயன்ஸ் என்ற பெயரில் அதுவும் இதே பெட்டிகளைக் கொடுக்கத் தொடங்கியது.

நம் பக்கம் திரும்பினால், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியல் விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அமெரிக்க நூலகர்களும் அதைப் படித்துத்தான் வருகிறார்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவருகிறது. பொங்கல் நாட்களில் கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை ஈபேர்டில் பதிந்தால் போதும். அதற்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் ஒரு பைனாகுலர் இல்லாததுதான். கிளை நூலகம் ஒன்றில் நான்கு பைனாகுலர்களை அட்டைக்கு இரவல் கொடுத்தால் அந்த ஊரில் யார் யாரெல்லாம் பறவை பார்ப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். கண்ணாடி பீரோவில் பூட்டி வைக்காமல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 2025இல் எழுந்த கவலை பணம். அரிசோனா திட்டத்துக்கு விதைப்பணம் தந்த கூட்டரசு நூலக நிறுவனத்தைச் சுருக்கும்படி 2025 மார்ச்சில் அதிபரின் ஆணை வந்தது. மானியங்கள் நின்றன, மாநிலங்கள் நீதிமன்றம் போயின. ஏற்கனவே வாங்கிய கருவிகள் இதனால் கெட்டுப்போகாது. மீட்டர் பல ஆண்டு உழைக்கும், பேட்டரியை எந்தக் கடையிலும் வாங்கலாம். வெட்டு விழுந்தால் முதலில் குறைவது ஊழியரின் நேரம். பெட்டி திரும்பி வந்ததும் திறந்து, பொருள்களைச் சரிபார்த்து, பேட்டரியை மாற்றி, எண் என்ன வந்தது என்று கேட்கும் அந்த ஆளுக்கான சம்பளத்தைத்தான் ஒவ்வொரு நூலகமும் இனி உள்ளூர் நிதியிலிருந்து தேட வேண்டியிருக்கும்.